படையில் இருந்த வானிலையாளர் ஒருவரின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி

கண்ணாடித் தெர்மாமீட்டரைப் படிக்க அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தார். தெர்மாமீட்டர்கள் இருக்கும் ஸ்டீவன்சன் பெட்டியின் கதவைத் திறந்ததும் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைத்தான் முதலில் படிக்க வேண்டும், முழு டிகிரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாம் பக்கத்தில் போய் நின்ற கணத்திலிருந்து நம் உடம்புச் சூடும் மூச்சுக்காற்றும் பாதரசத்தை நகர்த்த ஆரம்பித்துவிடும். 28 என்பது 29 ஆக நேரமாகும், .4 என்பது .6 ஆக நேரமே ஆகாது. ஓடிப்போகிறதை முதலில் பிடி, நிற்கிறது நிற்கும் என்பார்.

அவர் போன பிறகு அவர் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தபோது இதை நான் மறந்துவிட்டேன். முதல் ஐந்து மாதம் தேதிகளையும் பதவி உயர்வுகளையும் சேகரித்தேன். அவையெல்லாம் தாளில் இருந்தன, பத்து வருடம் கழித்துத் தேடியிருந்தாலும் இருந்திருக்கும். அவரோடு ஒரே ஷிஃப்டில் வானிலைப் பலூன் விட்ட நண்பரிடம் நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு அப்பாவின் பெயர் மட்டும் நினைவில் இருந்தது, மற்றதெல்லாம் போயிருந்தது. உங்கள் வீட்டிலும் ராணுவத்தில் சேர்ந்து, அங்கே வானிலை வேலையைக் கற்று, சீருடையைக் கழற்றிய பிறகும் அதே வேலையில் இருந்து, நடுவில் ஒரு குடும்பத்தையும் வளர்த்த ஒருவர் இருந்தால், அல்லது இருந்திருந்தால், இது உங்களுக்காக.

மனிதர்களிடம் முதலில் போங்கள், தாள்களிடம் பிறகு

அவர் உயிரோடு இருந்தால் இந்த வாரமே ஆரம்பியுங்கள். ஃபோனில் இருக்கும் ரெக்கார்டர் போதும். அனுமதி கேட்டுவிட்டு, மேசையில் மடித்த துணி ஒன்றைப் போட்டு அதன்மேல் ஃபோனை வையுங்கள், மேசையைத் தட்டும் சத்தம் ஏறாது. ஒரு தடவைக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வயதானவர்கள் களைத்ததைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள், அதுவும் படையில் இருந்தவர்கள் கண்டிப்பாகக் காட்ட மாட்டார்கள். பதில்கள் சுருங்க ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

போரில் என்ன நடந்தது என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவருக்குச் சலித்திருக்கும். அதற்கென்று தயாராக ஒரு கதை வைத்திருப்பார், இல்லையென்றால் கதவைச் சாத்திவிடுவார். கைகள் செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். இரவு ஷிஃப்டுக்குப் போனதும் முதல் வேலை என்ன? பலூனில் ஹைட்ரஜன் நிரப்பும் அறைக்குள் போகும்முன் சட்டைப் பையிலிருந்து எதையெல்லாம் எடுத்து வெளியே வைக்க வேண்டும்? பலத்த காற்றில் பலூனை எத்தனை பேர் பிடித்துக்கொள்வீர்கள்? காற்றின் ஈரப்பதத்தை அறிய உதவும் ஈரக் குமிழ்த் தெர்மாமீட்டரின் மஸ்லின் துணியை யார் மாற்றுவது? இப்படிக் கேட்டால் பதில் வாயில் வருவதற்கு முன்னால் விரல்களில் வரும். ஒரு பெரியவர் என்னோடு பேசிக்கொண்டிருந்தபோது பலூனின் கழுத்தை நூலால் கட்டுவதைக் காற்றிலேயே கட்டிக் காட்டினார், மூன்று சுற்று, ஒரு மடிப்பு, மறுபடி மூன்று சுற்று. அதை அப்படியே எழுதிக்கொண்டேன். எந்தச் சான்றிதழிலும் அது இருக்காது.

அந்த வேலையின் அடிப்படையை நீங்களும் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொண்டு போனால்தான் கேள்வி கூர்மையாக வரும். உலகம் முழுக்க வானிலை நிலையங்கள் கிரீன்விச் நேரப்படி 00, 06, 12, 18 மணிகளில் ஒரே சமயத்தில் வானத்தைப் பார்க்கின்றன, இடையில் 03, 09, 15, 21 மணிகளிலும் பார்ப்பது உண்டு. மேல்காற்றை அளந்து ரேடியோ சிக்னலாக அனுப்பும் ரேடியோசோண்ட் கருவியைத் தூக்கிச் செல்லும் பலூன் பொதுவாக 00, 12 மணிகளை ஒட்டி மேலே போகும். விடும்போது ஒன்றரை, இரண்டு மீட்டர் அகலம் இருக்கும் பலூன், மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து ஊதிப் பெருத்து, 30 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டிப் போய் வெடிக்கும். அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். என் அனுபவத்தில் இதுதான் மிக நல்ல கேள்வி. சிக்னலைக் கவனித்துக்கொண்டே வீட்டுக்குக் கடிதம் எழுதியவர்கள் உண்டு, ஒரே கதையை ஆயிரம் தடவை சொன்ன சக ஊழியரைப் பற்றிச் சொல்கிறவர்கள் உண்டு, ஒன்றும் செய்யாமல் பயந்துகொண்டிருந்த இரவைப் பற்றிச் சொல்கிறவர்களும் உண்டு.

ஒரே கேள்வியை இரண்டு வெவ்வேறு நாட்களில் கேளுங்கள். சந்தேகப்பட்டுக் கேட்பதாக நினைக்க வேண்டாம், அந்தத் தொழிலின் வழக்கமே அதுதான். 1944 ஜூன் மாதம் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கவிருந்த சமயத்தில், அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிளாக்சாட் என்ற இடத்தின் தபால் நிலையத்தில் வேலை பார்த்த மோரீன் ஃப்ளாவின் என்ற இளம்பெண் வழக்கம்போல் காற்றழுத்தத்தைக் குறித்து அனுப்பினார். அன்று, ஜூன் 3, அவருக்கு 21 வயது நிறைந்த நாள். அழுத்தம் வேகமாக விழுந்துகொண்டிருந்தது. சரிபார்த்துத் திரும்பச் சொல்லும்படி அவருக்குத் தொலைபேசியில் கேட்டார்கள், அவர் மறுபடி படித்துச் சொன்னார், எண் மாறவில்லை. அந்தக் கரையிலிருந்து போன அளவுகளும் சேர்ந்துதான், தலைமை வானிலை ஆலோசகர் ஜேம்ஸ் ஸ்டாக் தளபதி ஐசன்ஹோவரிடம் ஜூன் 5 வேண்டாம் என்று சொன்னார், படையெடுப்பு ஜூன் 6-க்குத் தள்ளிப்போனது. தன் எண்கள் எதற்குப் பயன்பட்டன என்பது மோரீனுக்கு 1956 வரை தெரியாது. அதனால் உங்கள் அப்பா ‘சாதாரண டியூட்டிதான், ஒன்றும் விசேஷம் இல்லை’ என்று சொன்னால் அதையும் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவர் அனுப்பிய எண்ணை நம்பி எந்த விமானம் கிளம்பியது, எது கிளம்பவில்லை என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

சில இடங்களில் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். நீங்களும் நிறுத்திவிடுங்கள். ஒரு முறை கேட்டாயிற்று, கேட்டது அவருக்குத் தெரியும், சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவராகவே ஒரு நாள், சம்பந்தமில்லாத வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போது சொல்வார். சொல்லாமலே போனால் அந்த இடம் எழுத்திலும் காலியாக இருக்கட்டும், ஊகித்து நிரப்பக் கூடாது. பழைய நினைவுகள் அவரை உலுக்கிவிட்டால், தூக்கம் கெட்டால், புத்தகத்தைக் கிடப்பில் போட்டுவிட்டு அவரைக் கவனியுங்கள், தேவையென்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அப்புறம் அம்மா. பெரும்பாலான இப்படிப்பட்ட வாழ்க்கைக் குறிப்புகளில் மனைவி ஒரு வரியில் வந்து போய்விடுகிறார், எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. ஒவ்வொரு மாறுதலிலும் வீட்டைக் கட்டி எடுத்தவர் அவர்தான். எந்த ஊரில் எந்தக் குழந்தை எந்த வகுப்பில் இருந்தது, எந்தப் பெட்டி வழியில் நனைந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். என் அம்மாவிடம் அப்பாவின் வேலையைப் பற்றிக் கேட்டபோது, எனக்கு அதெல்லாம் தெரியாது என்றுதான் ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, விடியற்காலை வீட்டுக்கு வரும்போது அவர் சட்டைக் கையில் வெள்ளைப் பவுடர் ஒட்டியிருக்கும், எவ்வளவு துவைத்தாலும் மடிப்பில் கொஞ்சம் தங்கிவிடும் என்றார். பலூனின் ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதில் தூவப்பட்டிருக்கும் டால்க் பவுடர் அது. அதன் பெயரும் காரணமும் அம்மாவுக்குத் தெரியாது, ஆனால் அதைப் பார்த்தே இன்றைக்குப் பலூன் ஷிஃப்ட், மனிதர் தூங்க வேண்டும், பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது என்று வீட்டை நடத்தியிருக்கிறார். என் குறிப்பின் முதல் பக்கமே இதுதான்.

மூன்று கோடுகள்

பெரிய தாள் ஒன்றை எடுத்துப் படுக்கை வசமாக வையுங்கள். மேலே வருடங்கள். கீழே மூன்று கோடுகள்: படை, வானிலை, வீடு. படைக் கோட்டில் சேர்ந்த நாள், பயிற்சி, பதவி, பிரிவு, போஸ்டிங். வானிலைக் கோட்டில் அவர் எந்தக் கருவியில் வேலை செய்தார், எந்தப் புயல், எந்தப் படிப்பு, கையால் வரைபடம் வரைந்த காலம் எப்போது முடிந்து கணினி வந்தது. வீட்டுக் கோட்டில் கல்யாணம், பிறப்பு, நோய், பள்ளி, இழப்பு. பென்சிலில் எழுதுங்கள், எப்படியும் மாறும்.

இதைச் சுவரில் ஒட்டிவைத்து நாலு நாள் பார்த்தால் மூன்று கோடுகளும் ஒரே இடத்தில் நெருங்கும் வருடங்கள் தானாகக் கண்ணில் படும். மாறுதல் வந்த அதே மாதம் குழந்தைக்குக் காய்ச்சல், அதே வாரம் புயல் எச்சரிக்கை. உங்கள் அத்தியாயங்கள் அங்கேதான் இருக்கின்றன. பிறந்த வருடத்தில் ஆரம்பித்து இறந்த வருடத்தில் முடிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நெருக்கம் அதிகமாக இருக்கும் ஒரு வருடத்தில் ஆரம்பித்து முன்னும் பின்னும் போகலாம்.

படையையும் வானிலையையும் தனித்தனி அத்தியாயமாகப் பிரிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று. குளிர்ந்த காற்றும் வெப்பமான காற்றும் மோதும் எல்லையை வானிலையாளர்கள் முகப்பு, ஆங்கிலத்தில் ஃப்ரண்ட், என்கிறார்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு நார்வேயின் பெர்கன் நகரில் யாக்கோப் பியர்க்னஸும் அவர் கூட்டாளிகளும் அந்தக் கருத்தை உருவாக்கியபோது போர்முனையைக் குறிக்கும் சொல்லையே அதற்கு வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் வானிலைக் கணிப்பாளர் தேவைப்பட்டதால் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்குப் படைகளே அந்தப் படிப்பைக் கொடுத்தன. பின்னாளில், சின்ன மாற்றமும் பெரிய விளைவாக வளரலாம் என்னும் கேயாஸ் கோட்பாட்டால் அறியப்பட்ட எட்வர்ட் லோரன்ஸ் அந்தப் போரில் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவுக்காகக் கணிப்பாளராக வேலை பார்த்தவர், கணிதம் படித்துக்கொண்டிருந்தவரைப் போர்தான் வானிலைப் பக்கம் திருப்பியது. உங்கள் அப்பாவுக்கும் அப்படி ஒரு திருப்பம் இருந்திருக்கும். வானத்தின் மேல் ஆசைப்பட்டுப் போனாரா, அல்லது வரிசையில் நின்றபோது யாரோ அந்தப் பக்கம் போகச் சொன்னார்களா என்று கேட்டுவிடுங்கள்.

தாள்கள்

இப்போது தாள்களுக்கு வரலாம். முதலில் பணி விடுவிப்புச் சான்று. சர்வீஸ் நம்பர், சேர்ந்த நாள், விலகிய நாள், பிரிவு, பணி வகை எல்லாம் சேர்ந்து கிடைக்கும் ஒரே தாள் பெரும்பாலும் அதுதான். அது கையில் இருந்தால் அந்தந்த நாட்டின் படை ஆவண அலுவலகத்துக்கு எழுதி முழுப் பணிப் பதிவேட்டைக் கேட்கலாம். இறந்துபோனவருடையது என்றால் நெருங்கிய உறவு என்பதற்கும் இறப்புக்கும் சான்று கேட்பார்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் முதல் வாரத்திலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, மேலே சொன்ன பேச்சு வேலையைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

பதிவேடு இல்லை என்று பதில் வந்தாலும் உடைந்துபோக வேண்டாம். அமெரிக்காவில் 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே இருந்த பணியாளர் ஆவண மையத்தில் பிடித்த தீயில் 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் எரிந்தன, அவற்றுக்கு நகலும் இல்லை. பிரிட்டனில் முதல் உலகப் போர் வீரர்களின் பதிவேடுகளில் பாதிக்கு மேல் 1940 குண்டுவீச்சில் போயின. அப்படிப் போனவர்களுடைய பணிக்காலத்தையும் சம்பளப் பட்டியல், பிரிவின் தினசரி அறிக்கை, ஓய்வூதிய உத்தரவு என்று சுற்றி வளைத்து மீட்டெடுத்திருக்கிறார்கள். நீங்களும் அதே வழியில் போகலாம். உறை மேல் இருக்கும் தபால் முத்திரை ஒரு தேதியையும் ஒரு ஊரையும் தரும். புகைப்படத்தின் பின்பக்கம், பயணச் சீட்டு, குழந்தைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாமே ஆவணம்தான். என் அப்பா எந்த வருடம் எங்கே இருந்தார் என்பதை என் தங்கையின் பள்ளிச் சான்றிதழ்களை வரிசையாக அடுக்கித்தான் உறுதி செய்தேன். சில நாடுகளின் பதக்கங்களில் விளிம்பைச் சுற்றி எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள், சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். பதக்கத்தைப் பளபளப்பாக்கத் தேய்க்காதீர்கள், எழுத்துத்தான் முதலில் தேயும்.

வீட்டில் எங்கே தேடுவது என்றால், எல்லா இடத்திலும். எண்களால் வானிலையைக் கணிக்கலாம் என்று முதன்முதலில் கையால் கணக்குப் போட்டுப் பார்த்த லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டினார், ஓய்வு கிடைத்த நேரத்தில் அந்தக் கணக்கைப் போட்டார். 1917 ஷாம்பெய்ன் சண்டையின்போது பின்னால் அனுப்பிவைத்த அவருடைய கையெழுத்துப் பிரதி காணாமல்போய், பல மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. ஆகவே பரண், பழைய டிரங்குப் பெட்டி, கருவிப் பெட்டியின் அடித்தட்டு, அலமாரியில் விரித்த காகிதத்துக்குக் கீழே என எதையும் விடாதீர்கள்.

கிடைத்ததை ஸ்கேன் செய்யும்போது தாள்களுக்கு 300 டிபிஐ போதும், சிறிய புகைப்படங்களுக்கு 600 வையுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். லேமினேட் செய்யவே கூடாது. துருப்பிடித்த பின்களையும் கிளிப்புகளையும் மெதுவாகக் கழற்றிவிடுங்கள். கோப்புப் பெயரில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதி வரட்டும், பிரதி மூன்று இடத்தில் இருக்கட்டும்.

அப்பா வீட்டில் எழுதிய சொந்த வானிலைக் குறிப்பேடு கிடைத்தால், அதன் நகலை உங்கள் நாட்டு வானிலைத் துறைக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பழைய காகிதப் பதிவுகளை எண்களாக மாற்றும் வேலை பல நாடுகளில் நடக்கிறது, நூறு வருடத்துக்கு முந்தைய கடற்படைக் கப்பல் குறிப்பேடுகளைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்கிறார்கள். ஆனால் கையில் இருப்பது அலுவலகப் பதிவேடே என்றால் அது நம்முடையது இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தேதியில் ஒரு பொறி

இது இந்தத் தொழிலில் இருந்தவர்களின் வீட்டில் மட்டும் வரும் சிக்கல். என் தங்கை பிறந்த தேதி 12. அப்பாவின் பாக்கெட் நோட்டில் அது 11 என்று இருந்தது. அப்பா தேதியைத் தப்பாக எழுதினாரா, அல்லது நாங்கள் இத்தனை வருடமாகத் தப்பான நாளில் கொண்டாடினோமா என்று குழம்பி, மருத்துவமனைச் சீட்டைத் தேடி எடுத்து, அம்மாவைக் கேட்டு, எல்லாம் 12 என்றே சொன்னது. அப்புறம்தான் அந்த வரியை முழுக்கப் படித்தேன்: “11, 2130 இசட், வானம் 3, காற்று இல்லை, பெண்.” இசட் என்றால் கிரீன்விச் நேரம், படையில் அதை ஸூலு என்பார்கள். உள்ளூர் நேரம் விடியற்காலை 3 மணி, தேதி 12. அவர் வாழ்நாள் முழுக்க அந்தக் கடிகாரத்தில் எழுதிப் பழகிய மனிதர், மகள் பிறந்ததையும் அதிலேயே குறித்திருக்கிறார். வானம் 3 என்றால் வானத்தை எட்டுப் பங்காக்கி மூன்று பங்கு மேகம். மருத்துவமனை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து எண்ணியிருக்க வேண்டும்.

அதனால் ஒரு நோட்டைப் புரட்ட ஆரம்பிக்கும் முன்னால் அதில் உள்ள நேரங்கள் எந்தக் கடிகாரம் என்பதைக் கண்டுபிடியுங்கள். தெரிந்த சம்பவம் ஒன்றை, பிறப்போ ரயில் கிளம்பிய நேரமோ, எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஒரே நோட்டில் வேலைக் குறிப்பு ஸூலுவிலும் வீட்டுக் கணக்கு உள்ளூர் நேரத்திலும் கலந்து இருக்கலாம். ஐந்து ஐந்து இலக்கமாக எண்கள் வந்தால் அது பெரும்பாலும் வானிலை அளவுகளைச் சுருக்கி அனுப்பும் சினாப்டிக் குறியீடு, பழைய சக ஊழியர் யாராவது ஒரு பார்வையில் படித்துச் சொல்லிவிடுவார்.

அன்றைய வானத்தைச் சரிபார்ப்பது

நினைவில் இருக்கும் மழை உண்மையிலேயே பெய்ததா என்று பார்க்க இன்று வழி இருக்கிறது. ஐரோப்பிய நடுத்தர கால வானிலைக் கணிப்பு மையம் வெளியிடும் ஈஆர்ஏ5 என்ற தரவுத் தொகுப்பில் 1940 முதல் மணிவாரியாக உலகம் முழுவதற்குமான காற்று, மழை, அழுத்தம், வெப்பம் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் கட்டம் ஒவ்வொன்றும் சுமார் 31 கிலோமீட்டர் அகலம், எனவே பெரிய புயலும் அழுத்தத் தாழ்வும் தெளிவாகத் தெரியும், உங்கள் தெருவில் மட்டும் கொட்டிய மழை தெரியாது. அவர் டியூட்டியில் இருந்த ஒரு முக்கியமான இரவின் அழுத்தக் கோடுகளை வரைந்து பார்த்தால், அன்றைக்கு அவர் முன்னால் இருந்த வரைபடம் ஏறக்குறைய எப்படி இருந்திருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். இதற்கு ஒரு மாலை நேரம் செலவழியுங்கள்.

தரவு ஒன்று சொல்லி நினைவு வேறொன்று சொன்னால்? வானிலைப் பதிவேட்டில் தவறான எண்ணை அழிப்பானால் அழிக்கக் கூடாது, ஒரே ஒரு கோடு போட்டு, பழையது படிக்கும்படி விட்டு, மேலே சரியானதை எழுத வேண்டும். நீங்களும் அப்படியே எழுதுங்கள். அம்மா பேய்மழை என்றார், பதிவில் அன்று தூறல்தான், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். பேய்மழையாக ஏன் நினைவில் நின்றது என்பதைப் படிப்பவர் புரிந்துகொள்வார், அன்று அம்மா இரண்டு குழந்தைகளோடு தனியாக வீடு மாறிக்கொண்டிருந்தார்.

எழுதும்போது

கடமை தவறாதவர், அன்பான கணவர், பாசமிகு தந்தை. இந்த மூன்று சொற்களும் உண்மைதான், ஆனால் எவர் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அளவைக் கொடுத்துவிட்டு அடைமொழியை விட்டுவிடுங்கள். என் அப்பா பாரோமீட்டரைப் படிக்கும்முன் கண்ணாடியை நகத்தால் மெல்ல ஒரு தட்டுத் தட்டுவார், உள்ளே முள் சிக்கியிருந்தால் விடுபடும். மழைமானியின் அளவுக் குழாயைப் படிக்க நீர்மட்டத்துக்குக் கண் வர வேண்டும் என்பதால் எங்களை இடுப்பில் தூக்கிப் பிடித்து, இப்போது நேராகத் தெரிகிறதா என்று கேட்பார், நாங்கள் சொன்ன எண்ணைத்தான் நோட்டில் எழுதுவார், பின்னால் வந்து திருத்த மாட்டார். ஆறு வயதுக் குழந்தை சொன்ன எண்ணை ஒரு மனிதர் மையில் எழுதினார் என்பது பாசமிகு தந்தை என்பதைவிட அதிகம் சொல்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

தவறிய கணிப்புக்கு ஒரு இடம் கொடுங்கள். எந்த வானிலையாளருக்கும் மறக்காத ஒன்று இருக்கும், வெற்றிகளைவிட அதைப் பற்றித்தான் அவர் விரிவாகப் பேசுவார். 1948 மார்ச் 20 இரவு அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டிங்கர் விமானப்படைத் தளத்தில் டியூட்டியில் இருந்த கேப்டன் ராபர்ட் மில்லர் பலத்த காற்று வரும், இடிமழை இருக்காது என்று கணித்தார். அன்றிரவே டொர்னேடோ எனப்படும் சூறாவளிச் சுழல் ஒன்று தளத்தின் மேலேயே வந்து விமானங்களை நொறுக்கிவிட்டுப் போனது. அவரும் மேஜர் எர்னஸ்ட் ஃபாபுஷும் பழைய வரைபடங்களைத் தோண்டி எடுத்து அப்படிப்பட்ட சுழல்களுக்கு முன் வானம் எப்படி இருந்தது என்று தேடினார்கள். ஐந்தே நாளில், மார்ச் 25 அன்று, அதே அமைப்பு மறுபடி தெரிந்தது. இருவரும் சுழல் வரும் என்று எழுத்தில் எச்சரித்தார்கள், விமானங்களைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள், அன்று மாலையே சுழல் தளத்தின் மேல் வந்தது. 20-ஆம் தேதியை விட்டுவிட்டு 25-ஐ மட்டும் எழுதியிருந்தால் அந்த ஐந்து நாள் அவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பது யாருக்கும் புரிந்திருக்காது. உங்கள் அப்பா தப்பாகச் சொன்ன ஒரு நாளையும், அன்று வீட்டுக்கு வந்து எப்படி உட்கார்ந்திருந்தார் என்பதையும் எழுதுங்கள். குடும்பத்தில் சிலர் வேண்டாம் என்பார்கள். பொறுமையாகப் பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள்.

வீட்டில் அவர் இல்லாமல் போன நாட்களையும் மறைக்க வேண்டாம். பிறந்தநாளுக்கு வராதது, பள்ளி விழாவில் காலியாக இருந்த நாற்காலி. அவர் குடும்பத்தை நேசித்தார் என்பதற்கு இது எதிர்ச்சாட்சி ஆகாது. 12 மணிப் பதிவை யாராவது எடுத்தாக வேண்டும், அன்று அது அவர் முறை.

சில எச்சரிக்கைகள், சுருக்கமாக. சர்வீஸ் நம்பர், ஓய்வூதிய எண், பிறந்த தேதி மூன்றையும் வெளியே போகும் பிரதியில் சேர்த்து அச்சிடாதீர்கள். அவர் வேலை பார்த்த இடம் இன்னும் ராணுவத் தளமாக இருந்தால் அதன் உள்ளமைப்பு, பழைய படங்கள் பற்றி அங்கே விதி என்ன என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். அவருடன் படத்தில் இருப்பவர்கள் உயிரோடு இருந்தால் அவர்கள் அனுமதி வேண்டும். அவர் சொல்லி, யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னது எதுவோ அது உங்களோடு இருக்கட்டும்.

நீளம் அறுபது பக்கத்துக்குள் இருந்தால் பேரப்பிள்ளைகள் படிப்பார்கள். வரைவு முடிந்ததும் அம்மாவுக்கோ, வீட்டில் மூத்தவர் யாருக்கோ வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், தனியாகக் கண்ணால் படித்தபோது தெரியாத தப்பெல்லாம் அப்போது வரும். என் அம்மா நாலு இடத்தில் கையைத் தூக்கினார். மூன்று இடத்தில் வருடம் தப்பு. நாலாவது, பவுடர் வலது கையில்தான் இருக்கும், நீ இரண்டு கை என்று எழுதியிருக்கிறாய் என்றார்.

அதையும் திருத்திய பிறகு கடைசிப் பக்கத்தில் எழுதி முடித்த தேதி, நேரம், அன்றைய வானத்தில் எட்டில் எத்தனை பங்கு மேகம், காற்று எந்தப் பக்கம் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். நேரம் இசட்டா, உள்ளூரா என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.